மலை சீசன் வேலைக்குப் போகிறவர்களுக்கு

மார்கழி பிறந்துவிட்டால் நம்ம தோட்டங்களில் பிரட்டுக்களத்திலும் பீலிக்கரையிலும் ஒரே பேச்சுத்தான். "இந்த வருசம் நல்லதண்ணிக்கு யார் யார் போறாங்க?" உந்துவப் போயாவில் தொடங்கும் சிவனொளிபாத மலை சீசன் வெசாக் போயாவோடு முடிகிறது. இந்த ஐந்து மாதமும் மலைப்பாதையில் உள்ள தேத்தண்ணிக் கடைகளுக்கும் தங்குமடங்களுக்கும் ஆள் தேவை. போக வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. போகிறவர்கள் விசயம் தெரிந்து போகட்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் வேலை என்னவென்று பார்ப்போம். மலையின் உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணிப் பக்கமிருந்து ஏறினால் சுமார் 5,500 படிகள். சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்பதால் சனங்கள் ராத்திரியில்தான் ஏறுவார்கள். ஆகவே கடையில் நிற்பவருக்கு ராத்திரிதான் பகல். பத்து மணிக்குப் பிறகு கூட்டம் கூடும். விடிந்ததும் அதே கூட்டம் கால் நடுங்கிக்கொண்டு இறங்கி வரும். அதற்குப் பிறகுதான் கழுவித் துடைத்து, தண்ணீர் சுமந்து வைத்து, கொஞ்சம் கண்ணயரலாம். போயா நாளிலும் சனி ஞாயிறுகளிலும் அதுவும் கிடையாது. பாதையில் லொறி ஏறாது. அரிசி, மா, சீனி, கேஸ் சிலிண்டர் எல்லாம் தோளிலும் தலையிலும்தான் போகும்.

தேத்தண்ணி ஊற்றுவது மட்டுமே வேலை என்று நினைத்துப் போனால் ஏமாந்து போவீர்கள். கால் பிடித்துக்கொண்ட கிழவிக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும். கூட்டத்தில் தவறிய பிள்ளையை அழாமல் வைத்துக்கொள்ள வேண்டும். முதல்முறை வரும் 'கோடுகாரர்'களுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று பொய் சொல்லாமல் சொல்ல வேண்டும். (எல்லோரும் "இதோ, கிட்டத்தான்" என்றுதான் சொல்கிறார்கள். அது வேறு கதை.)

இனி, நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்த விசயம். ஆயிரம் மீற்றர் உயரம் கூடினால் ஆறு பாகைக்கு மேல் குளிர் கூடும். நல்லதண்ணியில் ஒரு சுவெட்டர் போதும் என்றால் மேலே அது போதாது. காற்றும் அடிக்கும். அதனால் கடைக்காரப் பொடியன்கள் என்ன செய்கிறார்கள்? நாலு பக்கமும் பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துக் கட்டிவிட்டு, உள்ளே கரிச்சட்டியை வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள். இதுதான் ஆபத்து. கரியோ விறகோ மூடிய இடத்தில் எரியும்போது கார்பன் மொனொக்சைட் என்ற நச்சுவாயு உண்டாகிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலை வலிக்கும், குமட்டும், தூக்கம் தூக்கமாக வரும். களைப்பு என்று நினைத்துப் படுத்தால் எழுந்திருக்க மாட்டோம். புகை இல்லையே என்று நம்பவும் கூடாது. நன்றாகக் கனிந்த கரியில் புகை வராது, ஆனால் வாயு வரும். கேஸ் அடுப்பும் மண்ணெண்ணெய் அடுப்பும் அடைத்த இடத்தில் இதையே செய்யும்.

எங்கள் டிவிசனைச் சேர்ந்த ஒரு பொடியன் இப்படித்தான் படுத்தான். விடியற்காலையில் பக்கத்துக் கடை அக்கா வெந்நீர் கேட்க வந்து விரிப்பைத் தூக்கியபோது, கூப்பிட்டும் அவன் அசையவில்லை. இழுத்து வெளியில் போட்டார்கள். காற்றுப் பட்டுத்தான் கண் திறந்தான். அந்த அக்காவுக்கு வெந்நீர் தேவைப்படாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவனுடைய அம்மா இன்னும் சொல்லிச் சொல்லி அழுகிறார்.

ஆகவே படுக்கும்போது நெருப்பை வெளியில் வையுங்கள். இரண்டு பக்கமும் காற்று வர வழி விடுங்கள். ஈர உடுப்போடு படுக்காதீர்கள். மாற்று உடுப்பும் கம்பளியும் கட்டாயம் கொண்டு போங்கள். யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் வெளிக்காற்றுக்குத் தூக்கி வாருங்கள். பிறகு 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அது பாதை முடியும் இடம் வரைக்கும்தான் வரும் என்பதால் கீழே தூக்கி வர ஆள் சேர்க்க வேண்டும்.

விறகைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் காடு 1940ஆம் ஆண்டிலிருந்து சரணாலயம். 2010ஆம் ஆண்டில் ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் காடுகளோடு சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. அங்கே மரம் வெட்டினால் முதலாளியை அல்ல, கத்தி பிடித்தவனைத்தான் பிடிப்பார்கள். "முதலாளி சொன்னார்" என்ற பேச்சு எடுபடாது. குப்பையை ஓடையில் தள்ளுவதும் அப்படித்தான். அந்தத் தண்ணீர் கீழே யார் வீட்டுக் குடத்துக்கு வருகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது சம்பளம். மாதம் இவ்வளவு என்று வாயால் பேசிப் போய், வெசாக் முடிந்து பாதிக் காசோடு திரும்பி வந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். "சாப்பாட்டுக்குக் கழிச்சாச்சு" என்பார்கள். ஒரு கொப்பி வாங்கி, வேலை செய்த நாளையும் வாங்கிய முற்பணத்தையும் தினமும் எழுதுங்கள். சாப்பாடு சம்பளத்தில் சேர்ந்ததா இல்லையா என்று போகும் முன்பே கேளுங்கள்.

தோட்டத்தில் பெயர் உள்ளவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போகாதீர்கள். செக்ரோலில் பெயர் விழாத நாளுக்கு ஈ.பி.எப். இல்லை, ஈ.டி.எப். இல்லை. அதைவிடப் பெரியது சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்து வருடம் பூர்த்தியான நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் உண்டு. வேலையை விட்டுப் போய்விட்டார் என்று எழுதிவிட்டால் பிறகு அதற்காக நடையாய் நடக்க வேண்டும். லீவு கேட்டு எழுதிக் கொடுங்கள், பிரதி ஒன்றில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைக் கூட்டிப் போவதைப் பற்றிப் பலர் எங்களிடம் கேட்கிறார்கள். பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். ராத்திரி முழுக்கக் கோப்பை கழுவுகிற பிள்ளை தை மாதத்தில் எந்த வகுப்பில் உட்காரும்?

லீவுக் கடிதம் எழுதத் தெரியாதவர்கள் சனிக்கிழமை வேலை முடிந்து எங்கள் அலுவலகத்துக்கு வாங்க. அடையாள அட்டையையும் செக்ரோல் இலக்கத்தையும் மறக்காமல் கொண்டு வாங்க.