சேவலா, பெட்டையா?

குற்றாலச் சாரல் தவழும் தென்காசிப் பகுதியின் சிற்றூர்களில், வீட்டு மூலையில் வைக்கோல் பரப்பிய கூடையில் கோழி அடைகாப்பதை இன்றும் காணலாம். 21 நாள் நிறைந்ததும் ஓட்டை உடைத்துக்கொண்டு குஞ்சுகள் வெளிவரும். அப்பொழுது வீட்டார் மனத்தில் எழும் முதல் வினா, "சேவல் எத்தனை? பெட்டை எத்தனை?" என்பதே. பெட்டை முட்டையிட்டு நாளும் பயன் தரும். சேவலோ பெரும்பாலும் இறைச்சிக்கே ஆகும். ஆதலின் அது வீண் வினா அன்று.

கூர்முனை முட்டையில் சேவலும், உருண்டை முட்டையில் பெட்டையும் பிறக்கும் என்பர் சிலர். இஃது உண்மையன்று. முட்டையின் வடிவம் தாய்க்கோழியின் உடலமைப்பைப் பொறுத்தது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதோ, ஓடு உருவாகும் முன்னரே முடிவாகிவிடும். மக்களுள் அதனை முடிவு செய்வது தந்தையின் உயிரணு; பறவைகளுள் தாயின் கருவணு.

நாட்டுக்கோழிக் குஞ்சுகளைச் சில வாரம் வளர்த்தால் ஐயம் தானே தீரும். சேவற் குஞ்சின் கொண்டை பெருத்துச் சிவக்கும். பெட்டையின் கொண்டை சிறிதாய் வெளிறியிருக்கும். ஆனால், நாள்தோறும் ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரிக்கும் பொரிப்பகங்கள் அவ்வாறு காத்திருத்தல் இயலாது. ஒவ்வொரு நாளும் தீவனச் செலவு மிகுமன்றோ?

இக்குறையைத் தீர்த்தவர் ஜப்பானிய அறிஞர்களாகிய மசூயி, ஹாஷிமோட்டோ முதலியோர். குஞ்சின் எச்சத்துவாரத்தின் உட்புறத்தே உள்ள மிகச் சிறிய புடைப்பினைக் கொண்டு பாலறியும் முறையை, 1927ஆம் ஆண்டு கனடா நாட்டு ஒட்டாவா நகரில் கூடிய உலகக் கோழியின மாநாட்டில் அவர்கள் விளக்கினர். சில பெட்டைகளுக்கும் அப்புடைப்பு இருப்பதால், இக்கலையில் தேர்ச்சி பெற நெடுநாட் பயிற்சி வேண்டும். பயிலாதார் முயன்றால் மெல்லிய குஞ்சு மடிந்துபோகும்.

இறகு பார்த்து அறிதல் மற்றொரு முறை. சிறகின் முதன்மை இறகுகள், அவற்றை மூடும் இறகுகளினும் நீண்டிருந்தால் பெட்டை. இரண்டும் ஒத்திருந்தாலோ, முதன்மை இறகுகள் குறுகியிருந்தாலோ சேவல். ஆயினும் இதற்கென்றே தாயும் தந்தையும் தேர்ந்து இணைக்கப்பட்ட கோழிகளின் குஞ்சுகளிடத்தே மட்டும் இக்குறி பொருந்தும். ஏனைய நாட்டுக் குஞ்சுகளுக்குப் பொருந்தாது.

இவ்வறிவினால் ஒரு துன்பமும் விளைந்தது. முட்டைக்கென வளர்க்கும் இனத்துச் சேவல்கள் முட்டையிடா. விரைந்து கொழுக்கவும் மாட்டா. ஆதலின் பல நாடுகளில், சேவல் என்று தெரிந்த அன்றே அக்குஞ்சுகளைக் கொன்றுவிடுகின்றனர். இச்செயலை ஜெர்மனி 2022ஆம் ஆண்டு முதல் சட்டத்தால் தடுத்தது. குஞ்சு வளர்வதற்கு முன்னரே முட்டைக்குள் பாலறியும் கருவிகளும் இப்பொழுது வந்துள்ளன.

சிற்றூர் முற்றத்திலோ, சேவற் குஞ்சும் தாயின் சிறகடியில் இடம் பெறுகின்றது. குப்பையைக் கிளறி இரை தேடுகின்றது. வளர்ந்தபின் கூவி ஊரை எழுப்புகின்றது. பிரித்தறியும் அறிவு நமக்கு வேண்டும். பிரித்தறிந்த பின் சிற்றுயிர்க்கும் இரங்கும் நெஞ்சம் அதனினும் வேண்டும்.