பூசணம் பூத்தால் மரம் கெட்டதா?

மும்பையில் ஜூனில் பிடிக்கும் மழை செப்டம்பர் கடைசி வரை விடாது. சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்க்கும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பால்கனியில் மரப்பெஞ்சு போட்டவர்கள் ஆகஸ்டில் புலம்புவார்கள்: “மருந்தேற்றிய மரம் என்று கூடக் காசு கொடுத்தோமே, இதிலும் கறுப்புப் புள்ளியா?” பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை.

மருந்தேற்றும் கலையில் நம் நாட்டின் பங்கு பெரிது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சொந்தி காமேசம் 1933-இல் உருவாக்கிய மருந்து உலகமெங்கும் பரவியது. அதில் தாமிரம் பூஞ்சையை அடக்கும். ஆர்செனிக் கரையானைக் கொல்லும். குரோமியம் இவ்விரண்டையும் மழையில் கரைந்து போகாமல் மரத்தோடு பிணைக்கும். மரத்தை இரும்பு உருளைக்குள் அடைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, மருந்து நீரை அழுத்திச் செலுத்துவார்கள். இளம்பச்சை நிறம் தாமிரத்தால் வருவது. ஆர்செனிக் கலந்த மருந்தை வீட்டு உபயோக மரத்துக்கு ஏற்றுவது அமெரிக்காவில் 2003 இறுதியோடு பெரும்பாலும் நின்றது. மாற்றாக வந்த மருந்துகள் பலவற்றிலும் தாமிரமே முதன்மை.

அப்படியிருந்தும் பூசணம் ஏன்? தாமிரத்துக்கு அசராத பூசண வகைகள் உண்டு. அவை மரத்தின் மேல் படிந்த தூசியையும் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைச் சத்தையும் தின்று வாழ்பவை. மரநாரை அரிக்கும் திறன் அவற்றுக்கு இல்லை. உளுக்க வைக்கும் பூஞ்சை வேறு சாதி. ஆணியைச் சுற்றிய நீலக்கறுப்பு, இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சத்தும் கலந்த கறை. மரம் சாம்பல் நிறமாவது வெயிலின் வேலை: புற ஊதாக்கதிர் மேல்தோலிலுள்ள லிக்னினைச் சிதைக்கிறது, மழை அதைக் கழுவிவிடுகிறது.

சந்தேகமா? ஸ்க்ரூடிரைவர் முனையால் கறை உள்ள இடத்தில் குத்திப் பாருங்கள். கட்டியாக நின்றால் கறை தோலோடு சரி. மெத்தென்று உள்ளே இறங்கினால் உளுத்துவிட்டது. அந்தக் கட்டையை மாற்றியே ஆகவேண்டும்.

பூசணக் கறையை சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போக்கிவிடும். பிறகு பெஞ்சைச் சுவரை ஒட்டாமல் காற்றாட நகர்த்திப் போடுங்கள். ஈரம் நின்றால் பூசணம் திரும்ப வரும். உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம், தூசியில் மருந்து இருக்கும். உடைந்த கட்டையை அடுப்பில் வைக்கவே கூடாது: மருந்தில் ஆர்செனிக் இருந்தால் அது புகையிலும் போகும், சாம்பலிலும் தங்கும்.