மேடைக்கு வெளியே ஒரு தர்மம்

நியூயார்க் மாநகரின் கிழக்கு 13-ஆம் தெருவில், பெற்றோர் கைவிட்டுத் தெருவுக்கு வந்துவிட்ட இளைஞர்களுக்கென்று 2017-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் திறந்துவைக்கப்பட்ட, 18 படுக்கைகள் கொண்ட ஒரு விடுதிக்கு, அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே காலஞ்சென்ற ஒரு ஹாஸ்ய நடிகையின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ‘பியா ஆர்தர் இல்லம்’ என்ற அந்தப் பெயரைக் காணும் வழிப்போக்கர், செல்வச் சீமாட்டி ஒருவர் கட்டடம் எழுப்பித் தம் பெயரையும் பொறிக்கச் செய்தார் போலும் என்று எண்ணக்கூடும். நடந்த கதை வேறு.

1922-இல் புரூக்ளினில் பிறந்த பியாட்ரிஸ் ஆர்தர், இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்க மரைன் படையின் மகளிர் பிரிவில் சேர்ந்து லாரி ஓட்டியவர்; யுத்தம் முடிந்தபின் நாடக மேடையில் கால்வைத்து, 1966-இல் ‘மேம்’ என்னும் இசை நாடகத்தில் நடித்து டோனி விருது பெற்றவர்; 1972 முதல் 1978 வரை ‘மோட்’ என்ற தொடரிலும், 1985 முதல் 1992 வரை ‘தி கோல்டன் கேர்ள்ஸ்’ என்ற தொடரிலும் தோன்றி, தமது கம்பீரமான குரலாலும் வெட்டொன்று துண்டிரண்டான பேச்சாலும் கோடிக்கணக்கான குடும்பங்களைச் சிரிக்கவைத்தவர். அவர் ஆதரித்த இளைஞர்களோ, அத்தகைய குடும்பங்கள் பலவற்றில் இடமில்லாமற் போனவர்கள்.

தன்பாலீர்ப்பு உடையவர் என்றோ திருநர் என்றோ தெரியவந்த மாத்திரத்தில், பெற்ற பிள்ளையை வீட்டை விட்டு வெளியேற்றும் வழக்கம், சம்பத்தும் சௌகரியங்களும் மிகுந்த அமெரிக்காவிலும் இல்லாமற் போகவில்லை. அவ்வாறு வெளியேற்றப்பட்டவர்கள் வீடற்றோருக்கான பொது விடுதிகளுக்குச் சென்றால், அங்கே தங்கியிருக்கும் பிறருடைய ஏளனத்துக்கும் அடி உதைக்கும் ஆளாக நேர்வதால், தெருவே மேல் என்று சுரங்க ரயிலிலும் பூங்காவிலும் இரவைக் கழிக்கிறார்கள். உணவுக்கும் உறைவிடத்துக்கும் உடலையே விலையாகக் கொடுக்கும் அவலமும் அங்கிருந்துதான் ஆரம்பமாகிறது. பதின்மூன்றாம் வயதிலேயே வீடிழந்து அந்த வாழ்க்கைக்குத் தள்ளப்பட்டும், தம்மைப் போன்ற பிறருக்கு நோய்த் தடுப்பு முறைகளைக் கற்பித்தும், கொலையுண்ட நண்பர்களின் வழக்குகளை விசாரிக்கும்படி போலீஸாரை இடைவிடாது வற்புறுத்தியும் வந்த ஆலி ஃபோர்னி, 1997 டிசம்பரில் ஹார்லெம் தெருவொன்றில் 22-ஆம் வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஃபோர்னியை நேரில் அறிந்திருந்த கார்ல் சிசிலியானோ, 2002-இல் ஒரு தேவாலயத்தில் ஆறு படுக்கைகளோடு தொடங்கிய காப்பகத்துக்கு அந்தப் பெயரையே வைத்தார்.

தேவாலய நிழலில் சிறு அளவில் நடந்துவந்த அந்தக் காப்பகத்தை நாடி, புகழின் உச்சத்தைக் கண்டு எண்பது வயதைக் கடந்திருந்த பியா ஆர்தர் 2005-இல் வந்தார். தாம் தனியொருவராக நடத்தும் மேடை நிகழ்ச்சியை நிதிக்காட்சியாக நடத்தி, சுமார் 40,000 டாலர் திரட்டித் தந்தார். அத்துடன் அவர் கடமை முடிந்ததென்று உலகம் கருதியிருந்தால் அதில் வியப்பில்லை. 2009 ஏப்ரலில் அவர் புற்றுநோயால் மறைந்த பின்னர்தான், தமது உயிலில் அந்தக் காப்பகத்துக்கு 3,00,000 டாலர் எழுதிவைத்திருந்த செய்தி வெளியாயிற்று.

தொகையைவிட அது வந்து சேர்ந்த காலமே இங்கு விசேஷம். 2008-இன் பொருளாதார வீழ்ச்சியால் நன்கொடைகள் வற்றி, வாடகைக்கே காப்பகம் திண்டாடிய வேளை அது. கட்டடம் எழுப்பவும் கல்வெட்டு வைக்கவும் முன்வரும் தனவந்தர்கள் எங்கும் உண்டு. ஆனால் மாத வாடகை, ஊழியர் சம்பளம், மின்கட்டணம், பலசரக்குக் கடைப் பாக்கி ஆகிய, திறப்பு விழாவுக்கோ புகைப்படத்துக்கோ இடந்தராத செலவுகளுக்குக் கொடுப்பவர் அரியர். இந்தச் செலவுகள் ஒரு மாதம் தடைப்பட்டாலும், காப்பகத்தில் உறங்கும் பிள்ளை மறுபடி தெருவுக்குத்தான் போகவேண்டும். அந்த நெருக்கடியைக் காப்பகம் கடந்ததற்கு நடிகையின் உயில் பெரிதும் கைகொடுத்தது.

பின்னர் கிழக்கு 13-ஆம் தெருவில், பாழடைந்து கிடந்த நகரசபைக் கட்டடமொன்று காப்பகத்தின் வசம் வந்தபோது, அதைப் புதுப்பிக்கும் பெருஞ்செலவைப் பொது நிதி ஏற்றது. பெயர் மட்டும் பியா ஆர்தருடையதாயிற்று. அந்தப் பெயரை அவர் கேட்டதுமில்லை, விலைகொடுத்து வாங்கியதுமில்லை.

ஊரார் இரங்கும் ஏழைக்கு ஈவது எளிது; ஊராரே வெறுத்து ஒதுக்கியவர்களுக்கு ஈய, ஈகைக்கு மேலாகத் துணிவும் வேண்டியிருக்கிறது. பிரசித்தி பெற்ற ஒருவர் அதைச் சந்தடியின்றிச் செய்தார் என்பது அவருக்குப் பெருமை. நம் ஊர்க் காப்பகங்களுக்கும் பிறந்தநாள் விருந்துகளும் பழைய துணிகளும் போய்ச் சேர்கின்றன. கொடுக்கும் மனமுடைய வாசகர்கள், அடுத்த முறை அந்தக் காப்பகத்தாரிடம் இந்த மாத வாடகைக்கு எவ்வளவு குறைகிறது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.