மாசசூசெட்ஸ் மாகாணத்து எண்பலகை

மோட்டார் வண்டி என்னும் நூதன வாகனம் அமெரிக்க வீதிகளில் குதிரைகளை மிரட்டிக்கொண்டும் புழுதியை வாரி இறைத்துக்கொண்டும் ஓடத் தலைப்பட்ட காலத்தில், எந்த வண்டி யாருக்கு உரியது என்று அறிய ஓர் உபாயமும் இல்லாதிருந்தமையால், 1901-ஆம் ஆண்டு நியூயார்க் மாகாணத்தார், உடையவர் தம் பெயரின் முதலெழுத்துக்களை வண்டியின் பின்புறத்தில் பொறித்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் செய்தனர். பலகையை அவரவரே தேடிக்கொள்ள வேண்டியதுதான். தோலில் அமைத்தவரும் உண்டு, மரத்தில் எழுதியவரும் உண்டு. ஒரே முதலெழுத்துடையார் இருவர் இருப்பின் என் செய்வது என்பதை அச்சட்டத்தார் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

எண்ணையும் கொடுத்து, அதைத் தாங்கும் பலகையையும் தானே செய்து தரும் முறையை முதன்முதல் கைக்கொண்ட மாகாணம் மாசசூசெட்ஸ். 1903 செப்டம்பர் முதலாக அது வழங்கிய பலகைகள், இரும்புத் தகட்டின்மேல் பீங்கான் பூச்சிட்டுச் சூளையில் சுட்டெடுத்தவை. நீலப் பரப்பில் வெண்ணிற இலக்கம். முதலாம் எண் ப்ரெடரிக் டூடர் என்பவருக்குக் கிடைத்தது. இலக்கங்கள் கூடக் கூடத் தகடும் அகன்றுகொண்டே போயிற்று. பீங்கான் பார்வைக்கு வெகு நேர்த்தி. ஆனால் சரளைக்கல் ஒன்று தெறித்தாலும் பூச்சு உதிர்ந்து, அவ்விடத்தில் துரு ஏறிவிடும். ஆதலால் பிற்காலத்தில் வர்ணம் பூசிய உலோகத் தகடே நிலைபெற்றது. பன்னிரண்டு அங்குல நீளமும் ஆறு அங்குல உயரமுமான இன்றைய அளவு, 1950-களின் நடுவில் நாடெங்கும் பொதுவாயிற்று.

இவற்றுள் மிக ரசமான அத்தியாயம் 1928-ஆம் ஆண்டுப் பலகை. அம்மாகாணத்தின் ஐசுவரியத்துக்குப் பூர்வத்தில் ஆதாரமாயிருந்தது காட் என்னும் கடல்மீன். பாஸ்டன் நகரிலுள்ள மாகாணச் சட்டசபை மண்டபத்தில், 1784-இல் ஜான் ரோ என்னும் வணிகரின் முயற்சியால் வைக்கப்பெற்ற மரத்தாலான காட் மீன் ஒன்று, புனிதப் பொருள்போல் இன்றும் தொங்குகிறது. அந்த மீனையே எண்ணுக்குக் கீழே பொறித்தார்கள். பொறித்த மீனோ, காட் மீனைக் கண்ணால் கண்டவர் ஒப்பக்கூடிய உருவமாக அமையவில்லை. மாகாணத்தின் பெயர்ச் சுருக்கத்துக்குப் புறங்காட்டி அது நீந்திப்போவதாக அமைந்தமையால்தான் அவ்வாண்டு தங்கள் வலைகளில் மீன் படவில்லை என்று செம்படவர்கள் முறையிட்டதாக ஒரு கதையும் வழங்குகிறது. கடலில் மீன் குறைந்ததற்கு வண்டித் தகடா காரணம் என்று நாம் நகைக்கலாம். பிழைப்பைக் கடலிடம் ஒப்படைத்தவருக்குச் சகுனம் அற்ப விஷயமன்று.

1987 முதல் வழங்கும் பலகைகளில் மீன் இல்லை. வெள்ளைத் தகட்டில் சிவப்பு இலக்கமும் ‘அமெரிக்காவின் ஆன்மா’ என்று பொருள்படும் வாசகமும் உள்ளன. ஆயினும் எண்ணின்மேல் கொண்ட மோகம் மட்டும் தணியவில்லை. குறைந்த எண்ணை அந்தஸ்தின் சின்னமாகக் கருதுவோர் அங்கே மிகுதி. அத்தகைய எண்கள் சிலவற்றுக்கு மாகாண அரசாங்கமே ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்குகிறது.