செத்த கோழிக்குக் கணக்கு உண்டா?

நாட்டில் எத்தனையோ பிரச்சினைகள் இருக்க, கோழி செத்ததைப் பற்றியா எழுதுவது என்று முகஞ்சுளிக்கும் கனவான்கள் உண்டு. அவர்கள் வீட்டுக்குக் கோழி தட்டில் வருகிறது. நம் தோழர்கள் வீட்டில் அது கூடையில் அடைகிறது, வித்தியாசம் அவ்வளவுதான்!

செம்பரம்பாக்கம் என்றதும் பட்டணத்தாருக்கு ஏரி நினைவுக்கு வரும். 24 அடி உயரம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு என்று மழைக்காலத்தில் நாள்தோறும் பத்திரிகைகள் கணக்குப் போடும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அந்தக் கணக்கு குழந்தைகளுக்கும் மனப்பாடம். ஏரியோரத்துக் கூலிக்காரன் வீட்டுக் கணக்கை யார் போட்டார்கள்?

நாம் போட்டுப் பார்ப்போம். ஆண் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒப்பந்தக் கூலிக்குப் போகிறான். வேலை உள்ள நாளில் கூலி, இல்லாத நாளில் கடன். பெண் நாலு பெட்டைக் கோழி வளர்க்கிறாள். பெட்டை பத்துப் பன்னிரண்டு முட்டையை அடைகாத்து 21 நாளில் குஞ்சு பொரிக்கும். பருந்துக்கும் பூனைக்கும் போக மிஞ்சியது வளர்ந்தால், ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது சேவலுக்கு நல்ல விலை. பிள்ளையின் நோட்டுப் புத்தகம், அடகுக்கடை வட்டி, திடீர்க் காய்ச்சலுக்கு மருந்து எல்லாம் அதிலிருந்துதான். புருஷன் கையை எதிர்பாராமல் அவள் எடுத்துச் செலவழிக்கும் காசு அது ஒன்றே.

தை கழிந்து வெயில் ஏறும்போது வருகிறது வெள்ளைக் கழிச்சல். இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு கோழி மூலையில் ஒடுங்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். கழுத்து திருகிக்கொள்ளும். தடுப்பூசி காணாத கோழிகளானால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேலும் சாவதுண்டு. சில நாளில் கூடை காலி.

அதற்குள் இன்னொன்றும் நடக்கிறது. சீக்கு கண்டதும் மிச்சக் கோழிகளை வந்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிடுகிறார்கள். அவர் வண்டியில் தொங்கவிட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிறார். நோயும் கூடவே போகிறது. பாமரரின் அறியாமை என்று இதற்குப் பெயர் சூட்டுவோர் உண்டு. அறியாமையா இது? பாதி விலையாவது தேறட்டும் என்று தவிக்கிற வயிறல்லவா! செத்ததற்கு ஈடு கிடைக்குமென்றால் அவள் ஏன் விற்கப் போகிறாள்?

ஈடே கொடுக்காத நாடா இது? 2006 பிப்ரவரியில் மராட்டியத்து நவாபூரில் பறவைக் காய்ச்சல் கண்டபோது சர்க்கார் கோழிகளை அழித்தது, ஈடும் தந்தது. 2021 ஜனவரியில் குட்டநாட்டு வாத்துகளுக்கு அந்நோய் வந்தபோது, இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு ரூ.200, குறைந்ததற்கு ரூ.100 என்று கேரள அரசு அறிவித்தது. வரவேற்கிறோம். அந்தக் காய்ச்சல் மனிதனையும் தொற்றக்கூடியது, சந்தையையே கவிழ்க்கக்கூடியது. ஆகவே சட்டம் விழித்துக்கொண்டது. கழிச்சலிலிருந்து பெரும் பண்ணைக்காரர் நாள் குறித்து மருந்து கொடுத்துத் தப்புகிறார். புறக்கடைக் கோழி சாகிறது. அந்தச் சாவுக்கு எந்த ஏட்டிலும் இடமில்லை.

மருந்துக்குப் பஞ்சமா? 1927-இல் இமயமலை அடிவாரத்து ராணிகேத்தில் கண்டறியப்பட்டு அவ்வூர்ப் பெயரையே பெற்ற நோய் இது. தடுப்பு மருந்து 1940-களிலேயே வந்துவிட்டது. செம்பரம்பாக்கத்தைத் தொட்டுச் செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் போனால் ராணிப்பேட்டை. 1932 முதல் கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் அங்கே இருக்கிறது. கிழக்கே வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி. இரண்டுக்கும் நடுவே சாகிறது நம் கோழி!

காரணம் எளிது. நூறு கோழிக்கான மருந்து ஒரே குப்பியில் வருகிறது. குளிர்ப்பெட்டியில் வைக்கவேண்டும், கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்தில் போட்டு முடிக்கவேண்டும். நாலு கோழிக்காரிக்காக எந்த மருந்தகம் ஒரு குப்பியை உடைக்கும்? பிப்ரவரி தோறும் இருவாரம் இலவச முகாம் நடத்துகிறார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் கோழியின் கடிகாரம் வேறு. கூடை திறந்துவிட்டால் அது ஏரிக்கரையில் மேயும், அந்தியில்தான் திரும்பும். வீட்டுக்காரி வேலைக்குப் போயிருப்பாள். பத்து மணிக்கு வரும் ஊழியருக்கு எந்தக் கோழி காத்து நிற்கும்? ஊழியர்மீது குற்றமில்லை, ஒரு மருந்தகத்தின் தலையில் எத்தனையோ ஊர்கள்.

கழிச்சலில் கோழி இழந்த வீட்டுக்கு ஈடாகக் குஞ்சுகளாவது தரவேண்டும் என்பது நம் கோரிக்கை. அதற்கு முன்பே செய்யக்கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது. செம்பரம்பாக்கம், பூந்தமல்லி, குன்றத்தூர் வட்டாரக் கிளைத் தோழர்கள் ஜனவரியிலேயே தெருத்தெருவாகக் கோழிக் கணக்கு எடுக்கட்டும்: எந்த வீட்டில் எத்தனை, எட்டு வாரம் தாண்டியவை எத்தனை. நூறு சேர்ந்த தெருவுக்கு ஒரு குப்பி. பட்டியலை மருந்தகத்தில் கொடுத்து, விடியற்காலை ஆறு மணிக்கு ஊழியரை அனுப்பக் கேட்போம். அன்று கூடைகளைத் திறக்காமல் வைத்திருக்கும் பொறுப்பு நம்முடையது.