குட்டி தானே வரட்டும்

இதுவரையில் பூனை வளர்த்துப் பழகியிராத ஒரு குடும்பத்துக்குள் குட்டி ஒன்று முதன்முதலாக வந்து சேரும்போது பெரும்பாலும் நடப்பது இதுதான்: கூடத்தில் இறக்கிவிட்ட கணமே அது பீரோவுக்கு அடியிலோ அரிசி டிரம்மின் பின்னாலோ பாய்ந்து ஒளிந்துகொள்ள, வீட்டிலுள்ளோர் எல்லோரும் தரையில் குனிந்து டார்ச் விளக்கை அடித்துப் பார்த்து, பாலைக் காட்டிக் கூப்பிட்டு, அதற்கும் வராவிட்டால் கையை விட்டு இழுத்தெடுத்து, ஒருவர் மடியிலிருந்து இன்னொருவர் மடிக்கு மாற்றி மாற்றிக் கொஞ்சுகிறார்கள். இவ்வளவும் பிரியத்தினால் நடப்பதே. என்றாலும், தாயின் வாசனையும் உடன்பிறந்த குட்டிகளின் உடற்சூடும் ஒரே பொழுதில் அற்றுப்போன ஒரு சின்னஞ்சிறு ஜீவனுக்கு, தன்னைப்போல் எழுபது எண்பது மடங்கு கனமுள்ள அன்னியர் பலரின் கைகள் எப்படித் தோன்றும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பூனைக்கும் மனிதருக்கும் இடையே சிநேகம் எவ்வாறு விளைகிறது என்று கடந்த அரை நூற்றாண்டாக ஆராய்ந்து வந்திருப்பவர்களின் முடிவுகளைப் படிக்கப் படிக்க, அந்த முதல் நாட்களில் நாம் செய்யத் தவறுவதைக் காட்டிலும், பொறுக்கமாட்டாமல் செய்துவிடுவதே அதிகத் தடையாகிறது என்னும் எண்ணம் எனக்கு வலுத்துக்கொண்டே வருகிறது.

பிறந்த குட்டிக்குக் கண் திறந்திராது. காதும் ஏறக்குறையச் செவிடுதான். 7 முதல் 10 நாட்களுக்குள் கண் திறக்கும் வரையில், வாசனையும் வெப்பமும் ஸ்பரிசமும் ஆகிய மூன்றைக் கொண்டே அது தன் உலகத்தை அறிகிறது. ஜே ரோசன்பிளாட் என்பவரும் அவருடைய சகாக்களும் 1960-களில் நியூயார்க்கில் நடத்திய சோதனைகளில், கண் திறவாத குட்டிகளைத் தாய் படுக்கும் மூலையிலிருந்து சற்றுத் தள்ளி விட்டபோது, அவை மெல்ல மெல்ல ஊர்ந்து, தாயின் வாசனை படிந்திருந்த தரையைக் கண்டுபிடித்து, அங்கே சேர்ந்த பிறகே ஓலமிடுவதை நிறுத்தின. ஆகையால், குட்டியைக் கொடுப்பவரிடம் தாய் படுத்திருந்த பழந்துணி ஒன்றையும் சேர்த்துக் கேட்டு வாங்கி, துவைக்காமலே, புது இடத்தில் அது படுக்கும் மூலையில் விரித்துவைப்பதைக் காட்டிலும் பெரிய உபகாரம் முதல் இரவில் வேறொன்றில்லை.

குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியோ தன் முயற்சி ஏதுமின்றி இருக்க, தாயே அதைக் கவ்விக்கொண்டு போகிறது என்று, சரணாகதியின் தன்மையை விளக்குவதற்குத் தென்கலை வைணவ ஆசாரியர்கள் எடுத்தாண்ட மார்ஜார நியாயத்தில், பிராணிகளைக் கூர்ந்து கவனித்த கண் ஒன்று இருக்கிறது. பிடரியில் தாயின் பல் பட்ட மாத்திரத்தில் குட்டி உடல் தளர்ந்து, பின்னங்கால்களையும் வாலையும் வயிற்றோடு மடக்கி, சத்தமின்றித் தொங்கும் என்பது மிருக சாஸ்திரமும் ஒப்புக்கொண்ட உண்மை. ஆனால் அந்தச் சரணாகதி தாய் ஒருத்திக்கே உரியது. நாமும் பிடரியைப் பிடித்துத் தூக்கினால் குட்டி தளர்ந்து தொங்குவதைக் கண்டு அது சம்மதித்துவிட்டதாக எண்ணுவது தவறு. வளர்ந்து கனமேறிய குட்டியை அப்படித் தூக்குவது அதற்கு வலியும் பயமும் தருவதாகும்.

இனி, சிநேகத்துக்கு விதை எப்போது விழுகிறது என்ற கேள்வி. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து டெம்பிள் சர்வகலாசாலையில் ஐலீன் கார்ஷ் என்னும் அம்மையார் 1980-களில் செய்த ஆராய்ச்சியே இதற்கு முதல் தெளிவான விடையைத் தந்தது. மூன்றாவது வாரத்திலிருந்தே நாள்தோறும் மனிதர் எடுத்து வைத்துக்கொண்ட குட்டிகளையும், ஏழாவது வாரத்துக்குப் பிறகே அப்படிப் பழக்கப்பட்டவற்றையும், அறவே பழக்கப்படாதவற்றையும் அவர் ஒப்பிட்டுப் பார்க்கையில், முதல் வகையினவே மனிதரிடம் விரைந்து வந்தன. மடியிலும் அதிக நேரம் தங்கின. நாளொன்றுக்கு 15 நிமிஷம் கையாளப்பட்ட குட்டிகளைவிட 40 நிமிஷம் கையாளப்பட்டவை இன்னும் நன்றாகப் பழகின. இரண்டாவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் இடைப்பட்ட காலமே மனிதரோடு பரிச்சயம் கொள்வதற்கு ஏற்ற பருவம் என்ற கருத்து இவ்வாறு நிலைபெற்றது. இதைக் கேட்டவுடன், அப்படியானால் மூன்று வாரத்திலேயே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக்கொண்டு வந்துவிடலாமே என்று தோன்றும், அதுதான் கூடாது. ஹெல்சிங்கி சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 6,000 பூனைகளைப் பற்றித் திரட்டிய விவரங்களை வைத்து 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 8 வாரத்துக்கு முன்பே தாயைப் பிரிந்தவற்றிடம் சீறிப்பாயும் குணம் அதிகமாக இருந்தது கண்டறியப்பட்டது. குட்டி தாயோடு இருக்கும்போதே மனிதர் கையிலும் பழகவேண்டும் என்பதே இவ்விரண்டு முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் வழி. அதற்கு, குட்டியை வாங்கப்போகிறவர் பிரதி தினமும் அந்த வீட்டுக்குப் போய்ச் சற்று நேரம் அதன் அருகில் உட்கார்ந்துவிட்டு வருவது எவ்வளவோ மேல்.

எல்லாம் வளர்ப்பில்தான் இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. சாண்ட்ரா மக்கூன் என்பவர் 1995-இல் எழுதியபடி, மனிதரோடு இணக்கமான கடுவனுக்குப் பிறந்த குட்டிகள், அந்தத் தகப்பனை ஒருநாளும் கண்டிராதபோதிலும், மற்றவற்றைவிட அதிகத் துணிவுள்ளவையாக இருந்தன. உங்கள் குட்டி சங்கோசப் பிராணியாக அமைந்துவிட்டால் அதற்காக உங்களையோ அதையோ நொந்துகொள்ள வேண்டியதில்லை. அதற்கு அவகாசம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், அவ்வளவே.

முழு வீட்டையும் முதல் நாளே அதற்குத் திறந்துவிடாமல், குக்கர் விசில் அதிகம் கேளாத ஒரு சிறிய அறையை ஒதுக்கி, ஒரு பக்கம் மணல் தட்டும், அதற்கு எதிர்மூலையில் தண்ணீரும் ஆகாரமும், ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டியும் வைத்துவிட்டு, நீங்கள் தரையில் உட்கார்ந்து ஏதேனும் படித்துக்கொண்டிருங்கள். முதலில் பெட்டியின் வாயிலிருந்து இரண்டு காதுகள் மட்டும் தெரியும். பிறகு கழுத்தை நீட்டி, பின்னங்கால்களைப் பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டு, முன்னுடல் மட்டும் நீண்டு வரும். நீங்கள் அசைந்தால் அத்தனையும் உள்ளே போய்விடும். அசையாமல் ஒரு விரலைத் தரையோரமாக நீட்டி வைத்தால், ஈரமான மூக்கு அதைத் தொட்டு முகர்ந்து, திரும்பி, மறுபடி வந்து, கடைசியில் கன்னத்தை அவ்விரலில் ஒரு தேய்ப்புத் தேய்க்கும். கன்னத்திலுள்ள சுரப்பிகளின் வாசனையை உங்கள் மேல் பூசி, தனக்குப் பழகிய பொருள்களோடு உங்களையும் சேர்த்துக்கொள்கிறது என்று இதற்குப் பொருள். வால் செங்குத்தாக நிமிர்ந்திருந்தால் அது வந்தனம். தாயை எதிர்கொள்ளும் குட்டியின் பழக்கம் அது. உங்கள் கண்ணும் உறுத்துப் பார்க்காமல் பாதி மூடி மெல்லத் திறக்கட்டும். இங்கிலாந்தில் சஸ்ஸெக்ஸ் சர்வகலாசாலையில் கேரன் மக்கோம்ப் குழுவினர் 2020-இல் வெளியிட்ட சோதனையில், அப்படி மெல்ல இமைத்துக் காட்டியவர், பூனைக்கு முன்பின் தெரியாதவராக இருந்தும்கூட, அவர் நீட்டிய கையருகே பூனைகள் வருவது அதிகரித்தது.

இவ்விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு ஸ்விட்சர்லாந்தில் ஜூரிச் நகரத்து டென்னிஸ் டர்னருடையது. வீடு வீடாகச் சென்று பூனையும் மனிதரும் பழகும் விதத்தை அவரும் அவர் மாணவியரும் குறித்துக்கொண்டு வந்ததில், மனிதர் தொடங்கிவைத்த கொஞ்சலைக் காட்டிலும் பூனை தொடங்கிவைத்த கொஞ்சலே நீண்ட நேரம் நீடித்தது. அதோடு, பூனை விரும்பி வந்தபோது எந்த வீட்டார் இணங்கினார்களோ, அவர்கள் விரும்பிக் கூப்பிட்டபோது பூனையும் இணங்கிற்று. நாயைப் பழக்கியவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். எனக்கோ இதில் ஒரு கௌரவமான உடன்படிக்கை தென்படுகிறது.

ஆகாரத்தைப் பற்றி நம் வீடுகளில் உள்ள தயிர்ச்சோற்று வழக்கத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். பூனை மாம்ச பட்சிணி. டாரின் என்னும் சத்தைத் தேவையான அளவு தன் உடலில் தானே உண்டாக்கிக்கொள்ள அதனால் இயலாது. அது குறைந்தால் இருதயம் பலவீனமாகி வீங்கும் என்பதைக் கலிபோர்னியாவில் பால் பையன் என்ற மருத்துவர் 1987-இல் நிரூபித்தார். பசும்பாலோ பல பூனைகளுக்குப் பேதியாகும். குட்டிகளுக்கென்றே தயாராகும் தீனியே நிச்சயமானது. அதைச் சிறிது சிறிதாக, தினமும் குறித்த வேளைகளில், நீங்களே கையால் வைத்துப் பக்கத்தில் இருந்தால், உங்கள் குரலும் காலடியும் அதற்கு நல்ல செய்திகளாகிவிடும். விளையாட்டுக்குக் கயிற்று நுனியில் கட்டிய துணித்துண்டு போதும். விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டினால் கடிக்கக் கற்றுக்கொள்ளும். நம் நாட்டிலோ கடி என்றவுடன் வெறிநோய்ப் பயமும் கூட வரும். பல் பட்டால் சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் நீரில் கழுவி, உடனே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

பூனை வீட்டை நேசிக்கும், ஆளை நேசிக்காது என்று நெடுங்காலமாகச் சொல்லப்படும் பேச்சு, 2019-இல் ஓரிகன் மாநில சர்வகலாசாலையின் கிறிஸ்டின் விட்டாலே வெளியிட்ட ஆராய்ச்சிக்குப் பிறகு மிகவும் பலமிழந்துவிட்டது. புதிய அறை ஒன்றில் குட்டி தன்னை வளர்ப்பவரோடு 2 நிமிஷம் இருக்கும்; அவர் வெளியேறியபின் 2 நிமிஷம் தனித்திருக்கும்; அவர் திரும்பிவந்ததும் அது என்ன செய்கிறது என்பதே சோதனை. வகைப்படுத்தப்பட்ட 70 குட்டிகளில் 64.3 சதவீதம் அவரை எதிர்கொண்டு, அந்தத் தைரியத்திலேயே மறுபடியும் அறையைச் சுற்றிப் பார்க்கப் போயின. மனிதக் குழந்தைகளிடம் இதே போன்ற சோதனையில் காணும் அளவும் ஏறக்குறைய இதுதான். மடியைவிட்டு இறங்காமல் ஒட்டிக்கொண்டிருந்த குட்டிகள் மனத்திடம் குறைந்தவையாகவே கணிக்கப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும்; உங்களைப் பார்த்துவிட்டு உடனே ஜன்னலுக்கு ஓடும் குட்டி உங்களை அலட்சியம் செய்வதாக வருந்தாதீர்கள்.

கடைசியாக, கூடை. மருத்துவரிடம் கொண்டுபோகும் நாளில் மட்டும் அலமாரியிலிருந்து இறங்கும் கூடையைக் கண்டு குட்டி நடுங்கினால் அது நியாயமே. முதல் வாரத்திலிருந்தே அதைத் திறந்தபடி அறையில் போட்டு, உள்ளே துணி விரித்து, சில வேளை ஆகாரத்தையும் அதிலேயே வைத்துப் பழக்கலாம். குடல் தொற்று முதலியவற்றுக்கான ஊசி 8 வாரம் வாக்கில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில் 16 வாரம் வரையில் திரும்பத் திரும்பப் போடப்படுகிறது. வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில். முதல் நான்கு மாதங்களுக்குள்ளேயே சில தடவை அந்தக் கூடையில் பிரயாணம் செய்ய வேண்டியிருக்கும். அது தூங்கும் இடமாகவே கூடை ஆகியிருந்தால், கதவைச் சாத்தித் தூக்கிக்கொள்ளும் வேலை மட்டுமே நமக்கு மிஞ்சும்.