புகையை விட்டதும் ஸ்கேன் ஏன் 'மோசமாக' வருகிறது?

சிகரெட்டை விட்டு ஒரு வருஷம் ஆனவர் சிடி ஸ்கேன் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய ஸ்கேனோடு ஒப்பிட்டால் 'எம்பைசீமா' சதவீதம் கூடியிருக்கிறது. "அப்போ விட்டு என்ன பிரயோஜனம்?" என்று அவர் மறுபடியும் பெட்டிக்கடைப் பக்கம் போகலாம். அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் போகமாட்டார்.

சிடி ஸ்கேன் வெறும் போட்டோ இல்லை; அடிப்படையில் அது எண்களின் அடுக்கு. உடம்பைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் எக்ஸ்-ரேயை எவ்வளவு தடுக்கிறது என்று ஓர் எண் தருகிறது. இந்த அளவுகோலுக்கு, 1979-ல் நோபல் பரிசு பெற்ற பிரிட்டிஷ் இன்ஜினியர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயர். தண்ணீர் 0, காற்று -1000. மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்த நுரையீரல் சுமார் -850.

எம்பைசீமாவில் காற்றுப் பைகளுக்கு நடுவே உள்ள மெல்லிய சுவர்கள் அழிந்துபோகின்றன. சுவர் போன இடத்தில் மிஞ்சுவது காற்று. அதனால் -950-க்குக் கீழே உள்ள கட்டங்களை எண்ணி, மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று பார்க்கிறார்கள். புரோகிராமாக எழுதினால் ஒரே ஒரு 'இஃப்' கண்டிஷன், அவ்ளோதான்.

சிக்கலும் அங்கேதான். ஒரு கட்டத்தின் அடர்த்தி எதனால் வந்தது என்று அந்த 'இஃப்'-க்குத் தெரியாது. புகைப்பவரின் நுரையீரலில் புகைத்துகள்களை விழுங்கிப் பழுப்பேறிய மேக்ரோபேஜ் செல்கள், வீங்கிய சிறு காற்றுக்குழாய்கள், சளி எல்லாம் இருக்கும். இவை அடர்த்தியைக் கூட்டும். -955 வரவேண்டிய கட்டம் -940 காட்டும். ஏற்கெனவே அழிந்த இடம் கணக்கில் வராமல் ஒளிந்துகொள்ளும். புகையை விட்டதும் இந்தக் குப்பை மெல்லக் குறைகிறது. அடர்த்தி இறங்குகிறது, சதவீதம் ஏறுகிறது.

டென்மார்க்கில் நடந்த நுரையீரல் புற்றுநோய் ஸ்கிரீனிங் ஆய்வில் வருஷாவருஷம் சிடி எடுத்தவர்களிடம் இதையே பார்த்தார்கள். 2011-ல் 'தோராக்ஸ்' இதழில் முடிவு வந்தது. விட்டவர்களுக்கு முதல் இரண்டு வருஷத்தில் அடர்த்தி குறைந்து, பிறகு நிலைத்தது. திரும்பப் புகைக்க ஆரம்பித்தவர்களுக்கு அடர்த்தி கூடியது. யோசித்துப் பாருங்கள்: இடிந்த சுவரை சிகரெட் கட்டித்தராது. ஆக, கூடியதும் குறைந்ததும் பெரும்பாலும் புகையின் படிவும் வீக்கமும்தான்.

அழிந்த சுவர்கள் திரும்ப வளர்வதில்லை, அது உண்மை. ஆனால் விட்டதன் பலனை வேறு கருவியில் பார்க்கலாம். முழு மூச்சை வேகமாக ஊதும்போது முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்று ஸ்பைரோமெட்ரி அளக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த 'லங் ஹெல்த் ஸ்டடி'யில் 11 வருஷம் இதைத் தொடர்ந்து பார்த்தார்கள். புகைத்துக்கொண்டே இருந்த ஆண்கள் வருஷத்துக்குச் சுமார் 66 மில்லி இழந்தார்கள். ஆரம்பத்திலேயே விட்டவர்கள் சுமார் 30 மில்லி. பத்து வருஷத்தில் வித்தியாசம் 360 மில்லி. வயதான காலத்தில் மாடிப்படி ஏற அது வேண்டும்.

எனவே ஸ்கேன் எடுக்கப் போனால், எப்போது விட்டீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தத் தேதி தெரியாமல் இரண்டு ஸ்கேன்களை ஒப்பிட்டால் எண் சரியாக இருக்கும், அர்த்தம் தப்பாகிவிடும்.